நாற்பது மைக்ரான்

“அண்ணா, சொந்தமா ஒரு பாலிஷ் மிஷின் வாங்கலாம்னு பாக்குறேன். எது வாங்கட்டும்?”

சர்ஜாபூர் ரோடு பக்கமிருந்து வந்திருந்தார் அந்தத் தம்பி. கருப்பு வண்டி. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஷெட் நிழலில் நின்றபோது கண்ணாடி மாதிரிதான் இருந்தது. வெளியே எடுக்கச் சொன்னேன். பதினொரு மணி வெயில் பானெட்டில் விழுந்ததும், சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னிக்கொண்டது. ஆயிரக்கணக்கில் மெல்லிய கோடுகள், எல்லாம் வட்டம் வட்டமாக. இன்றைக்குத் தொழிலில் இதை ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். அப்பா காலத்தில் இதற்கென்று தனிப் பெயர் கிடையாது. துணிக்கோடு என்பார், அவ்வளவுதான்.

“ரெண்டடி இடது பக்கம் நகருங்க” என்றேன். நகர்ந்தார். வலையும் கூடவே நகர்ந்தது. குனிந்தார், அதுவும் இறங்கியது.

“கீறல் எப்படிண்ணா நம்ம கூடவே வருது?”

வட்டமான கீறல் என்று ஒன்று அந்த பானெட்டில் இல்லவே இல்லை. கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கிற கோடு மட்டும்தான் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மற்றவை சும்மா கிடக்கும். அப்படிக் குறுக்கே கிடப்பவற்றை மட்டும் கண் சேர்த்துப் பார்த்து, விளக்கைச் சுற்றி வளையம் போட்டுவிடுகிறது. நாரும் சபீனாவும் போட்டு நாலு வருடம் தேய்த்த எவர்சில்வர் தட்டைக் குண்டு பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், இதே வளையம் தெரியும்.

எந்த மிஷின் என்ற கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை நான் கற்றுக்கொள்ள அப்பாவின் காலத்தையும் சேர்த்து அறுபது வருடம் ஆகியிருக்கிறது. பெயிண்ட் எவ்வளவு கனமாக இருந்தது, எவ்வளவு மெலிந்துபோனது என்பதுதான் பாலிஷ் மிஷினின் சரித்திரம் என்று எனக்குப் படுகிறது.

அப்பா வாணியம்பாடியிலிருந்து பதினாலு வயதில் பெங்களூர் வந்தார். 1962. டவுன் ஹாலுக்கு எதிரே தொடங்கி மினர்வா சர்க்கிள் வரை போகிற ஜே.சி. ரோடு அப்போதே மோட்டார்காரர்களின் தெரு. ஜெயசாமராஜேந்திர உடையார் பெயரைத் தாங்கிய சாலை. நாங்கள் யாரும் அந்த முழுப் பெயரைச் சொன்னதில்லை. சாலையில் சாமான் கடைகள், பின்னால் சந்துகளில் ஷெட்டுகள். எங்கள் ஷெட்டில் டிங்கரிங் செய்பவர்கள் சிவாஜிநகர் உஸ்தாத்கள், உருது பேசுவார்கள். பெயிண்டிங் தமிழ் ஆட்கள். முதலாளியும் வாடிக்கையும் கன்னடம். திட்டு மட்டும் மூன்று பாஷையிலும் வரும்.

அப்பா கற்றுக்கொண்டது டூக்கோ. இன்றைக்கும் மர பீரோவுக்கு ஸ்பிரே அடிக்கிறவர் “டூக்கோ ஃபினிஷ் வேணுமா சார்” என்று கேட்கிறாரே, அதே டூக்கோ. ஒரு கம்பெனியின் பொருள் பெயர், கடைசியில் வேலைக்கே பெயராகிவிட்டது. 1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி அதைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்த வருடத்து ஓக்லாந்து கார்களுக்கு அதை நீல நிறத்தில் அடித்தது. அதற்கு முந்தைய கார்களுக்கெல்லாம் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷ்தான். ஆளி விதை எண்ணெயும் பிசினும் கலந்து தூரிகையால் பூசுவது; ஒரு கோட் காய நாள் கணக்காகும், முழு வண்டி முடிய வாரக் கணக்கு. சென்னை சிம்ப்சன் கம்பெனிகூட 1840-இல் கோச்சு வண்டி கட்டத்தான் தொடங்கியது. 1903-இல் அங்கேயே ஒரு நீராவிக் காரும் செய்தார்கள். அந்தப் பட்டறையின் பெயிண்டருக்கு வார்னிஷ் காயும் வரை தூசி ஒரு பகை, ஈ இன்னொரு பகை என்று கற்பனை செய்வதில் எனக்குச் சிரமமில்லை. ஃபோர்டு தன் மாடல் டி காரைப் பத்து வருடத்துக்கு மேல் கருப்பில் மட்டும் விற்றதற்கும் காய்கிற அவசரம்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

டூக்கோ சில மணி நேரத்தில் காய்ந்தது. அது நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சையும் அமிலத்தையும் சேர்த்துச் செய்கிற இந்தச் சரக்கு முதலில் வெடிமருந்து. நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி துப்பாக்கிக்குத் தயாரிப்பதும் இதன் உறவுதான். பழைய சினிமா ஃபிலிமும், பெண்கள் போடும் நகப்பூச்சும் அதே குடும்பம். எங்கள் ஷெட்டில் ஸ்பிரே நடக்கும்போது யாராவது பீடி பற்றவைத்தால் அப்பா கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். காரணம் இல்லாமல் இல்லை.

இந்த டூக்கோவுக்கு ஒரு குணம். அடித்து முடித்ததும் பளபளக்காது. சொரசொரவென்று மங்கலாக நிற்கும். பளபளப்பை அப்புறம் கையால் வரவழைக்க வேண்டும். வார்னிஷ் காலத்தில் பெயிண்டர் பொறுமையாகக் காத்திருந்தால் போதும், மினுக்கம் தானாக வந்தது. டூக்கோ வந்த பிறகு காத்திருக்கிற வேலை போய்த் தேய்க்கிற வேலை வந்தது. பாலிஷ் என்பது ஒரு தனி வேலையாக, தனிக் கூலியாக ஆனது இப்படித்தான்.

அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எதுவானாலும் முறை ஒன்று. டிங்கரிங் முடிந்த தகரத்தில் ரெட் ஆக்சைடு, மேலே பட்டி, அதன் மேலே சர்ஃபேசர், பிறகு கலர் ஆறிலிருந்து எட்டு கோட். மழைக்காலத்தில் ஈரக் காற்று பட்டால் பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் தின்னர் கலக்கும்போது அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே கலப்பார். காய்ந்ததும் ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்து முழு வண்டியையும் தேய்க்க வேண்டும். அந்தப் பேப்பரில் பாதி சென்னையிலிருந்து வந்தது; 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல். தேய்த்து முடித்த வண்டியைப் புதிதாகப் பார்ப்பவர் அழுதுவிடுவார். சாம்பல் பூசினாற்போல் ஒரு ஒளியும் இருக்காது. அதற்குப் பிறகுதான் ரப்பிங் காம்பவுண்ட். களிம்பு மாதிரி, மண்ணெண்ணெய் வாசனையோடு இருக்கும். திருப்பூரிலிருந்து மூட்டையில் வரும் பனியன் வேஸ்டை உருண்டையாகச் சுருட்டி, அதில் தொட்டு, ஒரு முழத்துக்கு ஒரு முழம் இடத்தில் முன்னும் பின்னும். இரண்டு பையன்கள், இரண்டு நாள்.

முடிந்ததா என்று பார்க்க அப்பாவிடம் ஒரே சோதனைதான். ட்யூப் லைட். கூரையிலிருந்து தொங்கும் விளக்கின் பிம்பத்தைக் கதவில் பார்ப்பார். ஓரம் பஞ்சு பஞ்சாகத் தெரிந்தால் “இன்னும் தூங்குதுடா” என்று தள்ளிவிடுவார். கத்தி வைத்து வெட்டினாற்போல் ஓரம் தெரிந்தால் பேச மாட்டார், அடுத்த கதவுக்குப் போய்விடுவார். நான் 1983-இல் பத்தாவது பாதியில் நிறுத்திவிட்டு ஷெட்டுக்கு வந்தவன். முதல் மூன்று வருடம் நான் கேட்ட பாராட்டு அந்த மௌனம்தான்.

இனி மிஷின் கதை. மின்சாரத்தில் ஓடும் கைத் துரப்பணத்தை 1895-இல் ஜெர்மனியில் ஃபைன் சகோதரர்கள் செய்துவிட்டார்கள். அதே மோட்டாருக்கு முன்னால் ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்து, அச்சைச் செங்கோணத்தில் திருப்பினால் கிரைண்டர். அதை மெதுவாக ஓடவிட்டுக் கம்பளி மாட்டினால் பாலிஷர். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதை மறந்தால் ஆபத்து. நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷ் மிஷின் அறுநூறிலிருந்து மூவாயிரத்துக்குள் நின்றுவிடும். ‘ஸ்பீடு அதிகம்தானே, சீக்கிரம் முடியும்’ என்று கிரைண்டரில் கம்பளி மாட்டியவர்களை எனக்குத் தெரியும். சீக்கிரம்தான் முடிந்தது.

எங்கள் ஷெட்டுக்கு மிஷின் வந்தது 1986-இல். ராலிவுல்ஃப், செகண்ட் ஹேண்ட். பம்பாய்ச் சரக்கு, கனத்த அலுமினிய உடம்பு, இன்றைய மிஷின் இரண்டின் எடை. ஏழு அங்குலத் தட்டில் வெள்ளைக் கம்பளியைக் கயிறு கட்டி இறுக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் ஒரே ஸ்பீடு, அதுவும் உதறிக்கொண்டு கிளம்பும். இரண்டு நாள் வேலை அரை நாளானது. அப்பா ஆறு மாதம் அதைத் தொடவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்ததோடு சரி. அப்புறம் வலது தோள் வலி தாங்காமல் ஒருநாள் எடுத்தார், பிறகு கீழே வைக்கவில்லை.

அப்போது மிஷின் எங்களை மன்னித்தது என்றே சொல்வேன். எட்டு கோட் டூக்கோ என்றால் உரிக்க நிறைய இருந்தது. மீறி ஓரத்தில் எரித்துவிட்டாலும் அதே தின்னரில் இன்னொரு கோட் அடித்தால், புதியது பழையதைக் கரைத்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். காலையில் எரித்ததை மாலையில் மறைத்துவிடலாம். வாடிக்கையாளர் வருவதற்குள் காய்ந்தும் விடும். தவறு செய்யவும், அதைத் திருத்திக் கற்கவும் இடமிருந்த பெயிண்ட் அது.

பெங்களூர் தனக்கென்று ஒரு காரே செய்திருக்கிறது என்பது இப்போதைய பையன்களுக்குத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த சிபானி டால்ஃபின். ஃபைபர் கண்ணாடி உடம்பு. அதில் மிஷின் வைத்தால் தகரத்தைப் போலச் சூடு பரவாது; வைத்த இடத்திலேயே தங்கிப் பெயிண்டை இளக்கிவிடும். டால்ஃபின் வந்தால் அப்பா பனியன் வேஸ்டைத் தேடுவார். இருபது வருடம் கழித்து 2001-இல் இதே ஊரில் ரேவா மின்சாரக் கார் வந்தபோது, அதன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பேனல்களைத் தடவிப் பார்த்துவிட்டு நான் செய்ததும் அதையேதான்.

எங்களைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவை தொண்ணூறுகளின் மெட்டாலிக் வண்டிகள். 1983-இல் வந்த மாருதி தெருவை மாற்றியது உண்மை. ஆனால் பெயிண்டரின் கையை மாற்றியது கிளியர் கோட். கலர் ஒரு மெல்லிய படலம், அதில் அலுமினியத் துகள்; மினுக்கம் முழுக்க அதன் மேலே இருக்கும் நிறமற்ற கண்ணாடிப் படலத்தின் பொறுப்பு. ஃபேக்டரியில் வெறும் உடம்பாக இருக்கும்போதே 140 டிகிரி அடுப்பில் வேகவைத்து இறக்குகிறார்கள். நாங்கள் அப்படி வேகவைக்க முடியாது, வயரும் ரப்பரும் உருகிவிடும். அறுபது டிகிரியே எங்களுக்கு எல்லை. அதனால் கம்பெனிப் பெயிண்ட் வேறு, நாங்கள் அடிப்பது வேறு. எவ்வளவு அழகாக அடித்தாலும் வேறுதான்.

அளவைச் சொல்கிறேன். புது வண்டியில் தகரத்துக்கு மேலே இருக்கிற மொத்தப் பெயிண்டும் சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம், கொஞ்சம் கூட. அதில் கிளியர் கோட்டின் பங்கு நாற்பது, ஐம்பது. தலைமுடி அதைவிடத் தடிமன். ஸ்வர்ல் எடுப்பதென்றால் கீறலை அடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் செய்வது, கீறலின் ஆழத்துக்குச் சுற்றிலும் உள்ள மேட்டைச் சீவி இறக்குவது. ஒரு நல்ல காம்பவுண்ட் வேலைக்கு இரண்டு மூன்று மைக்ரான் போகும். கிளியரின் மேல்பக்கம்தான் வெயிலைத் தாங்குகிற பாகம், அதைப் பாதி வரை சீவ முடியாது. ஒரு வண்டியின் ஆயுளில் இந்த வேலையை விரல் விட்டு எண்ணிச் செய்யலாம்.

இதெல்லாம் எனக்கு 1996-இல் தெரியாது. ஒயின் கலர் மெட்டாலிக் வண்டி, பின் கதவின் மடிப்புக் கோடு. ராலிவுல்ஃபைச் சாய்த்துப் பிடித்தேன். கம்பளியின் ஓரம் மடிப்பில் ஒரு நொடி, வேண்டாம், ஒன்றரை நொடி நின்றிருக்கும். பச்சைத் தண்ணீர் துணியால் துடைத்தபோது பத்துப் பைசா அளவுக்கு வெளிறிய வட்டம். கிளியர் போய், கலர் போய், கீழே சாம்பல் பிரைமர். டூக்கோ பழக்கத்தில் ஒரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்று அடித்தேன். சரியாகவில்லை. வெயிலில் கதவு ஒரு நிறம், வட்டம் ஒரு நிறம். முழுக் கதவையும் அடிக்க வேண்டியதாயிற்று, பக்கத்துக் கதவிலும் பாதி வரை தூவி இழைக்க வேண்டியதாயிற்று. அந்த மாதச் சம்பளம் எனக்கு இல்லை.

அப்பா திட்டவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “நாம அடிச்ச பெயிண்டுன்னா எரிச்சிக்கோ, திரும்ப அடிச்சிக்கலாம். கம்பெனி பெயிண்ட எரிச்சா இன்னாத்தடா திருப்பிக் குடுப்ப?”

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊருக்குள் வண்டி வெள்ளம். பிடதியில் டொயோட்டா, ரோடெல்லாம் ஐ.டி. பணம், கருப்பு வண்டி மோகம். கருப்பில்தான் எல்லாக் கோடும் தெரியும். வெள்ளை வண்டியில் அதே கோடுகள் இருந்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. கருப்பு வண்டியின் மேல் நான் ரோட்டரி மிஷினை ஓட்டி முடித்தால் பழைய சிலந்தி வலை போய்விடும். பதிலுக்கு, சாய்ந்த வெயிலில் விசிறி விசிறியாக நிழல் போன்ற பட்டைகள் ஆடும். ஹோலோகிராம் என்பார்கள். ரூபாய் நோட்டைத் திருப்பினால் நிறம் ஓடுகிறதே, அந்த மாதிரி. ஒரே அச்சில் ஒரே திசையில் சுற்றும் கம்பளி, தன் பாதையை எழுதிவிட்டுப் போகிறது. துணிக்கோட்டை எடுத்து மிஷின் கோட்டைப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டிருந்தோம். அதை மறைக்க சிலிக்கான் எண்ணெய் கலந்த பளபளப்புக் களிம்பு ஒன்று உண்டு. இரண்டு வாஷில் எண்ணெய் போய்விடும், கோடு திரும்பி வந்துவிடும். அதே இடத்தில் பின்னால் பெயிண்ட் அடிக்கப் போனால் மீன்கண் மாதிரிக் குழி குழியாக ஒதுங்கும். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

இதற்கு மாற்று, டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் டூயல் ஆக்‌ஷன் மிஷின். முதல் தடவை அதைப் பார்த்தது ஒரு இன்ஜினியரின் சூட்கேஸில். அமெரிக்காவிலிருந்து வந்தவர், இரண்டு சட்டைக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆசையாக வாங்கி பிளக்கில் சொருகினேன். அது 120 வோல்ட் மிஷின், நம் சுவரில் 230. சுவிட்சைப் போட்டதும் விமானம் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நீலப் புகை. பத்து விநாடி ஓடியிருக்குமா தெரியாது. எஸ்.பி. ரோட்டில் ஒரு வோல்டேஜ் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தால் போதும். ஆர்மேச்சரை மறுபடி சுற்ற அதே எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போனோம்.

அதன் சூட்சுமம் எளிது. தட்டு மோட்டாரின் அச்சில் நேராக உட்காராமல் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். மோட்டார் சுற்றினால் தட்டு ஒரு சின்ன வட்டத்தில் அலையும். அலைந்துகொண்டே தன் பேரிங்கில் தானாகவும் சுழலும். பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டே தன்னையும் சுற்றுகிறதே, அப்படி. ஒரு புள்ளி ஒரே பாதையில் இரண்டாம் முறை போகாது, அதனால் கோடு எழுதாது. அழுத்திப் பிடித்தாலோ வளைவில் வைத்தாலோ சுழற்சி நின்று அலைச்சல் மட்டும் மிஞ்சும். வெட்டாது, ஆனால் எரிக்கவும் எரிக்காது. பாலிஷ் மிஷினே வேண்டாம் என்று சொல்கிற மிஷின் இது என்று அப்பா கேலி செய்தார். பிறகு, தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கருப்புக் கோடு போடச் சொன்னவர் அவர்தான். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது. கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் கையைத் தளர்த்து. எந்தப் புத்தகமும் படிக்காமல் சொன்னார். உலகம் முழுக்க இதையேதான் செய்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

1947-இல் தொடங்கிய இத்தாலியின் ரூப்பெஸ் கம்பெனி 2010-களின் தொடக்கத்தில் அந்த அலைச்சலை 15, 21 மில்லிமீட்டர் வரை நீட்டி மிஷின் விட்டது. அதுவரை எட்டு மில்லிமீட்டர்தான் வழக்கம். வட்டம் பெரிதானால் வேலை வேகம். ரோட்டரிக்காரர்கள் வாயை மூடினார்கள். அதற்குள் எங்களுக்கு ஊரிலேயே ஒரு உறவு இருந்தது. ஆடுகோடியில் 1950-களில் தொடங்கிய மைக்கோ, ஸ்பார்க் பிளக்குக்கும் டீசல் பம்புக்கும் பெயர்பெற்ற ஃபேக்டரி. 2008-இல் பெயர்ப்பலகை பாஷ் என்று மாறினாலும் பஸ் கண்டக்டர் இன்றும் மைக்கோ என்றுதான் கத்துகிறார். அந்த நீலநிற பாஷ் ரோட்டரிதான் எங்கள் ராலிவுல்ஃபின் இடத்தைப் பிடித்தது. மெதுவாகக் கிளம்பும், ஸ்பீடைச் சக்கரத்தில் திருப்பலாம், அழுத்தினாலும் சுற்று குறையாது. இவ்வளவு மரியாதையான மிஷினை முதல்முறை பிடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

கோடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜே.சி. ரோடு முடிந்து கொஞ்சம் நடந்தால் லால்பாக். உள்ளே கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை சுமார் 300 கோடி வருடப் பழசு. தேசியப் புவியியல் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க அஸ்திவாரம் தோண்டினாலும் மெட்ரோ தூண் நட்டாலும் கிளம்புகிற தூசி அந்தப் பாறையின் வகையறா. அதில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைக் கீறும். கிளியர் கோட் அதற்கு வெண்ணெய். அந்தத் தூசி படிந்த வண்டியை அதிகாலையில் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில், ஒரே பக்கெட்டில், ஒரே துணியில், பதினைந்தாவது வண்டியாகத் துடைக்கிறார்கள். துடைப்பவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுக்கிற மாதக் கூலிக்கு இரண்டாவது பக்கெட் வராது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. நியாயமான உத்தரவு. ஊரே வறண்ட துணியை எடுத்தது. அந்த ஜூனில் எனக்கு வேலை தலைக்கு மேல்.

டாக்சிக்காரர்களின் மஞ்சள் துணி இன்னொன்று. கண்ணாடிக்கு அடியில் மடித்து வைத்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இறங்கி ஒரு தட்டு, ஒரு துடைப்பு. வண்டியை அவ்வளவு நேசிக்கிறவனின் பானெட்டில்தான் அவ்வளவு கோடு இருக்கும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அதைவிட மோசம். காய்ந்த சந்தனமும் குங்குமமும் வறட்டுத் துணியால் தேய்த்தெடுத்தது, பம்பரில் கட்டிய வாழைக்கன்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக்கொண்டே வந்தது, வாழைப்பால் கறை வேறு. சாமி காரியம், நான் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன் என்றால், சொந்த வண்டிக்கு டி.ஏ. வாங்குங்கள். 15 மில்லிமீட்டர் அலைச்சல், ஐந்து அங்குலத் தட்டு. 21 மில்லிமீட்டர் பெரிய பானெட்டுக்கு அருமை. நம் ஊர்ச் சின்ன வண்டிகளின் தூணிலும் பம்பர் வளைவிலும் அது தத்தளிக்கும். ரோட்டரி வேண்டாம், அது தினம் பிடிக்கிறவன் கைக்கு. வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம், எடையைப் பாருங்கள், கதவின் கீழ்ப்பகுதியை முட்டி போட்டுக்கொண்டு செய்யும்போது அது புரியும். 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். மென்மையான பஞ்சுப் பேடும் மென்மையான களிம்பும் முதலில்; போகாவிட்டால்தான் அடுத்தது. ஒரு சாண் இடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் மீதி. கனம் பார்க்கிற மீட்டரை வைத்துக் காட்டினேன். கூரையில் 118, கதவில் 112, வலது பின் ஃபெண்டரில் 240.

“அது மறுபடி பெயிண்ட் அடிச்சது” என்றேன்.

“புதுசா வாங்கினதுண்ணா!”

அது அவருக்கும் விற்றவருக்கும் இடையிலான கதை. நான் மீட்டரை உறைக்குள் போட்டேன். “மிஷினுக்கு முன்னாடி ரெண்டு பக்கெட், நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்குங்க. ஒரு பக்கெட் துணி அலச மட்டும்.” அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. மிஷின் கேட்டு வந்தவரிடம் பக்கெட் விற்றால் யாருக்குத்தான் பிடிக்கும்.

இப்போது அக்கா பையன் ஒருவன் என்னோடு இருக்கிறான். டி.ஏ. அவனுக்குப் போர் அடிக்கிறது, ரோட்டரிதான் வேண்டுமாம். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான். சிவாஜிநகர் குஜிரியிலிருந்து, அதாவது பழைய சாமான் சந்தையிலிருந்து, எண்ணூறு ரூபாய்க்குப் பழைய பானெட் ஒன்று வாங்கி, கருப்பும் கிளியரும் அடித்து, இரண்டு ஸ்டாண்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மடிப்புக் கோட்டில் டேப் ஒட்டிக்கொள் என்று சொன்னால் ஒட்ட மாட்டேன் என்கிறான். நேற்று சாயங்காலம் கம்பளி கருகும் வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன், அதே மடிப்பில், மூன்றாவது தடவையாக, சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாமா, இன்னொரு கோட் அடிச்சிக் குடுங்க” என்றான்.

ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவி வைத்துவிட்டேன், நாளைக்கு அடிக்கிறேன் என்றேன்.